இயந்திரம் ஏறிவிடும்; உடல் ஏறுமா?

இந்தியாவின் மணாலி நகரத்திலிருந்து லடாக்கின் லே நகரத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையின் நீளம் ஏறக்குறைய 430 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தூரத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் அதைக் கடக்க மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு இரண்டு நாளாவது தேவைப்படும். பனி மூடாத கோடை மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும் அந்தச் சாலை, இமயமலைத் தொடரின் கணவாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிச் செல்கிறது. அவற்றுள் மிக உயரமான தங்லாங் லா, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. 'லா' என்றால் அங்குள்ள மொழியில் கணவாய் என்று பொருள். நம் கினபாலு மலையின் உச்சியே 4,095 மீட்டர்தான்.

உலகம் முழுவதிலிருந்தும் மோட்டார் சைக்கிள் பிரியர்கள் இந்தச் சாலையைத் தேடி வருகிறார்கள். புறப்படும் முன் சக்கரம், பிரேக், எண்ணெய், சங்கிலி எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். இயந்திரம் மலை ஏறுமா என்பதுதான் அவர்களின் முதல் கவலை. ஆனால் உயிரைத் தீர்மானிப்பது வேறொரு கேள்வி. இயந்திரமும் அதை ஓட்டுபவரும் ஒரே காற்றைத்தான் உள்ளிழுக்கிறார்கள். காற்று மெலிந்தால் நவீன இயந்திரம் நொடிப்பொழுதில் தன்னைச் சரிசெய்து கொள்ளும். மனித உடலுக்கோ அதற்குப் பல நாள் தேவை. இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது.

காற்று எங்கே போயிற்று?

"மலையில் ஆக்சிஜன் இல்லை, அங்கே மரங்கள் இல்லாததுதான் காரணம்" என்று லடாக் சென்று வந்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. அது சரியன்று. கோலாலம்பூரானாலும் தங்லாங் லாவானாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம்.

பஞ்சுப் பொதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ள பொதி நன்றாக அழுந்திவிடும். மேலே உள்ளது தளர்வாகவே இருக்கும். காற்றும் அப்படித்தான். கடலோரத்தில் வாழும் நம்மீது வளிமண்டலம் முழுவதும் அழுத்துகிறது. மேலே போகப் போக அந்தச் சுமை குறைகிறது. காற்று மூலக்கூறுகள் விலகி நிற்கின்றன. கெந்திங் மலையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே நகரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. தங்லாங் லாவில் பாதியைவிடச் சற்றே அதிகம். அதாவது, அங்கே நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் ஏறக்குறைய அரை மூச்சுதான்.

இயந்திரத்தின் மூச்சு

பெட்ரோல் இயந்திரமும் மூச்சு விடுகிறது. பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சும். அதனுடன் பெட்ரோல் கலந்து எரியும். உருளையின் கொள்ளளவு எங்கும் ஒன்றுதான். ஆனால் உயரத்தில் அதே கொள்ளளவுக்குள் வரும் ஆக்சிஜன் குறைவு. ஆக்சிஜன் குறைந்தால் எரியக்கூடிய பெட்ரோலும் குறையும், திறனும் குறையும். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு இழப்பு என்பது பொதுவான கணக்கு. கடல்மட்டத்தில் 24 குதிரைத்திறன் தரும் மோட்டார் சைக்கிள், தங்லாங் லாவில் 13 அல்லது 14 மட்டுமே தரும்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையின் அளவு மாறாதது. காற்று மெலிந்ததை அது முழுமையாக உணராது. காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. இதனால் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். கரும்புகை வரும்; தீப்பொறிச் செருகியில் கரி படியும்; ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுபோகும். அதனால் பழைய வண்டிகளில், பெட்ரோல் வரும் 'ஜெட்' எனும் சிறு துளைப் பாகத்தைக் கழற்றிவிட்டு அதைவிடச் சிறியதைப் பொருத்துவது வழக்கம்.

எரிபொருளை மின்னணு முறையில் உட்செலுத்தும் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. காற்றழுத்தத்தையும் புகையில் எஞ்சும் ஆக்சிஜனையும் உணரிகள் அளக்கின்றன. எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைச் சிறு கணினி அந்தந்தக் கணத்திலேயே தீர்மானிக்கிறது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 'ஹிமாலயன்' வண்டி 2016-இல் கார்புரேட்டருடன்தான் வந்தது. அடுத்த ஆண்டே எரிபொருள் உட்செலுத்தும் முறைக்கு மாறியது. இழந்த திறனைக் கணினியாலும் மீட்க முடியாது. ஆனால் கலவை சரியாக இருப்பதால் வண்டி முக்காமல், முனகாமல் ஏறும்.

இந்த வசதியில்தான் ஒரு பொறி இருக்கிறது. வண்டி சிரமப்பட்டால் ஓட்டுபவர் உயரத்தை உணர்வார். வண்டி சீராக ஏறினால், தாமும் அப்படித்தான் ஏறுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

உடலின் கணக்கு

காற்று மெலிந்ததும் உடலும் சும்மா இருப்பதில்லை. கழுத்தின் இருபுறமும் உள்ள சிறு உணர்வுறுப்புகள் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததைக் கண்டுபிடித்து, மூளைக்குச் சொல்கின்றன. மூச்சு வேகமாகிறது, இதயத் துடிப்பு கூடுகிறது. இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும்.

ஆனால் வேகமாக மூச்சு விடும்போது கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. இரத்தம் காரத்தன்மை அடைகிறது. இதைக் கண்ட மூளை, "போதும், மூச்சைக் குறை" என்று எதிர்க் கட்டளை இடுகிறது. ஒருபுறம் ஆக்சிஜன் போதவில்லை. மறுபுறம் மூச்சுக்குத் தடை. இந்த இழுபறி தூக்கத்தில் நன்றாகத் தெரியும். உறங்குபவரின் மூச்சு சில நொடிகள் நின்று, பிறகு பெருமூச்சாகத் திரும்பும். உயரத்தில் முதல் இரவு பலருக்குச் சரியான தூக்கம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பவை சிறுநீரகங்கள். அவை இரத்தத்தில் மிகுந்த காரத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றி, மூச்சு தடையின்றிக் கூட வழிசெய்கின்றன. அதற்குச் சில நாள்கள் ஆகும். ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகுவதற்கோ வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. உடற்பயிற்சி செய்து உரமேறிய உடலுக்கும் இதில் சலுகை இல்லை.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்ற இடமும் இமயமலைதான். 1962-இல் இந்திய-சீனப் போர் மூண்டபோது, சமவெளியில் இருந்த இந்தியப் படைவீரர்கள் அவசரமாக உயரமான எல்லைப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். இளைஞர்கள், திடமானவர்கள். இருந்தும் பலர் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று சுருண்டனர், சிலர் உயிரிழந்தனர். இந்தர் சிங் தலைமையிலான இந்திய மருத்துவர்கள், மலைநோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நோயைப் புரிந்துகொள்ள அடித்தளமான ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. அந்த வீரர்களுக்கு நேர்ந்தது, அவர்களைக் கொண்டுசென்ற வாகனங்களின் வேகத்திற்கு அவர்களின் உடல் ஈடுகொடுக்க முடியாமல் போனதுதான்.

சார்ச்சுவில் ஓர் இரவு

மலைநோய் நிபுணர்கள் பார்ப்பது பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதை அன்று. இரவில் எவ்வளவு உயரத்தில் உறங்குகிறோம் என்பதை. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை.

இந்த அளவுகோலுடன் மணாலி-லே சாலையைப் பாருங்கள். மணாலியின் உயரம் ஏறக்குறைய 2,050 மீட்டர். வழியில் உள்ள ஜிஸ்பா 3,200 மீட்டர். அதற்குப் பிறகு 4,890 மீட்டர் உயரப் பாராலாச்சா லாவைத் தாண்டினால், சார்ச்சு என்ற சமவெளி வரும். அங்கே கோடையில் கூடாரங்கள் போட்டிருப்பார்கள். அதன் உயரம் 4,290 மீட்டர். மணாலியிலிருந்து ஒரே நாளில் சார்ச்சுவுக்குப் போய் உறங்குபவர், உறங்கும் உயரத்தை ஒரே நாளில் 2,200 மீட்டருக்கு மேல் உயர்த்திவிடுகிறார்.

மலைநோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். சார்ச்சுவில் அதுவும் எளிதன்று. திரும்பிச் சென்றால் பாராலாச்சா லாவை ஏறித் தாண்டவேண்டும். முன்னோக்கிச் சென்றால் 5,060 மீட்டர் உயர லாச்சுங் லா குறுக்கே நிற்கிறது. நள்ளிரவில் நண்பருக்கு மூச்சுத் திணறினால், அவரைக் காப்பாற்றக் கீழே கொண்டுசெல்ல, முதலில் இன்னும் உயரத்திற்குக் கொண்டுபோக வேண்டும்.

சார்ச்சுவில் தங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூடச் சில நேரம் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள். காரணம், சாலையைக் குறுக்கிடும் பனிநீர் ஓடைகள். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயிலேறிப் பனி உருகியதும் பிற்பகலில் முழங்கால்வரை பெருகிவிடலாம். காலையில் ஒரு மணி நேரம் தாமதித்தால், மாலையில் பல மணி நேரத்தை இழக்க நேரிடும். குளிரும் சேர்ந்துகொள்ளும். 5 டிகிரி செல்சியஸ் காற்றில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், வெறும் தோலுக்கு அது உறைநிலைக்கும் கீழே, ஏறக்குறைய கழித்தல் 2 டிகிரிபோல உறைக்கும். நனைந்து, நடுங்கி, இருட்டத் தொடங்கியபின் கண்ணில் படும் முதல் கூடாரத்தில் ஒதுங்குவது இயல்புதான்.

பாதுகாப்பான வழிகள்

ஜிஸ்பாவிலோ அருகிலுள்ள கெய்லாங்கிலோ இரண்டு இரவுகள் தங்கி, மூன்றாம் நாள் விடியுமுன் கிளம்பிச் சார்ச்சுவில் தங்காமல் லே சென்று சேர்வது ஒரு வழி. லே, சார்ச்சுவைவிட ஏறக்குறைய 800 மீட்டர் தாழ்வு. இடையில் 5,300 மீட்டர்வரை ஏறினாலும் அங்கே இருப்பது சிறிது நேரமே. கணவாயில் படம் எடுத்துக்கொண்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

இன்னொரு வழி ஸ்ரீநகரிலிருந்து செல்வது. ஸ்ரீநகர் ஏறக்குறைய 1,600 மீட்டர், இடையில் உறங்கும் கார்கில் 2,700 மீட்டர், பிறகு லே 3,500 மீட்டர். படிப்படியாக ஏறும் இந்தச் சாலையில் போய், உடல் பழகியபின் மணாலி வழியாகத் திரும்புவோர் பலர். நம் பகுதியிலிருந்து செல்பவர்கள் டெல்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் பறந்து, அங்கே வண்டியை வாடகைக்கு எடுக்கவும் செய்கிறார்கள். அவர்கள் முதல் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வெடுப்பதே நல்லது. மது, தூக்க மாத்திரை இரண்டும் மூச்சை மந்தப்படுத்தும் என்பதால் தவிர்க்கவேண்டும்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை, சிறுநீரகங்களின் வேலையைத் துரிதப்படுத்தி உடல் பழகுவதற்கு உதவும். அது எல்லாருக்கும் ஏற்றதன்று; புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும்.

நண்பரைக் கவனியுங்கள்

உயரத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலைநோய் என்றே கொள்ளவேண்டும். அதனுடன் குமட்டல், சோர்வு, தலைசுற்றல் சேரலாம். இலேசாக இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். தலைவலியுடன் மேலும் ஏறுவதுதான் தவறு.

இரண்டு நிலைகள் உயிருக்கு ஆபத்தானவை. ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்குவது, இடைவிடாத இருமல், நுரை கலந்த சளி ஆகியவை நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டும். தள்ளாட்டம், உளறல், குழப்பம் ஆகியவை மூளை வீங்குவதைக் காட்டும். இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. குதிகால் மற்றொரு காலின் விரல்நுனியைத் தொடும்படி நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்து, உடனே உயரம் குறைந்த இடத்திற்குக் காரிலோ ஜீப்பிலோ கொண்டுசெல்ல வேண்டும். அவரை வண்டி ஓட்ட விடவே கூடாது.

இதைக் கூட வருபவர்தான் கவனிக்கவேண்டும். ஆக்சிஜன் குறைந்த மூளை, தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லும். குழுவாகச் செல்லும்போது, தன்னால் பயணம் தடைப்படக்கூடாது என்று வலியை மறைப்பவர்களும் உண்டு. மிக மெதுவாகப் பழகும் உடல் யாருடையதோ, அவருடைய வேகமே குழுவின் வேகம் என்று மணாலியிலேயே பேசி முடிவு செய்துவிட்டால் யாரும் மறைக்கத் தேவையிருக்காது.

நம் நாட்டுச் சாலைகளில் பயணத் திட்டம் போடும்போது, இன்று எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்று கணக்கிடுவோம். லடாக் சாலையில் முதலில் கேட்கவேண்டியது, இன்றிரவு எத்தனை மீட்டர் உயரத்தில் உறங்கப் போகிறோம் என்பதுதான். அதற்கு விடை கண்டபின் கிலோமீட்டரைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.