வேலை போகுமோ என்ற பயமும் கையெழுத்துப் போடும் அவசரமும்

மூன்று மாதங்களுக்கு முன், அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்த நேரம் ஒரு தம்பி வந்து நின்றார். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து வருடமாக வேலை செய்பவர். சாமான் எதுவும் கேட்கவில்லை.

"நாநா, எங்கட இடத்துல ஆட்களைக் குறைக்கப் போறாங்களாம். நாமளாகவே ராஜினாமாக் கடிதம் குடுத்தா கையில கொஞ்சம் காசு தருவாங்களாம். கையெழுத்துப் போடட்டா?" என்றார். பல நாள் தூங்காத முகம். வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், அடகில் நகை.

அவர் பயந்ததில் குற்றமில்லை. 2025 மே மாதம் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் பிரித்தானியாவின் நெக்ஸ்ட் நிறுவனம் தன் தொழிற்சாலையை மூடியபோது 1400க்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். செலவு கட்டவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். நமது புத்தளம் மாவட்டத்தில் ஆண்டிகமவிலும் நவகத்தேகமவிலும் உள்ள அதன் தொழிற்சாலைகள் தொடர்ந்து இயங்கும் என்று அப்போது அறிவித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா நமது பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்து, ஓகஸ்டில் 20 வீதத்துக்கு இறக்கியது. எங்கோ ஒரு மேசையில் எடுக்கும் முடிவு நம் வீட்டு அடுப்பைத் தொடுகின்ற காலம் இது.

இந்தக் கரையோரத்துக்கு இது புதிதுமல்ல. 1996இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இறால் பண்ணைகள் அழிந்தபோது நான் இளவயதுக்காரன். என் கடைக் கடன் கொப்பியில் இருந்த பெயர்களில் அதிகமானவர்கள் பண்ணை வேலைக்காரர்கள். தொட்டிகள் வற்றின, கொப்பியும் அப்படியே நின்றது. அப்போது நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எல்லோரும்தான் கவலைப்பட்டார்கள். ஆனால் கவலையோடு வட்டிக்காரனிடம் ஓடியவர்கள் பல வருடம் எழும்பவில்லை. இருப்பதை எண்ணிப் பார்த்து, கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கோ மேசன் வேலைக்கோ கடலுக்கோ போனவர்கள் எழும்பினார்கள். 1990இல் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வந்த நமது சகோதரர்களும் தென்னோலைக் கொட்டிலில் இருந்துகொண்டுதான் பெட்டிக்கடை போட்டுத் தொடங்கினார்கள்.

ஆகவே அந்தத் தம்பியிடம் ஒரு கடதாசியையும் பேனையையும் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

முதலாவது, கையெழுத்து. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில், முந்திய 12 மாதங்களில் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், ஒன்று அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இல்லையேல் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். நட்டஈட்டுக்கும் கணக்கு உண்டு. 2005இல் வர்த்தமானியில் வந்த கணக்கின்படி முதல் ஐந்து வருடத்துக்கு, வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபா என்றால் ஐந்து வருடத்துக்கு 5 இலட்சம். தம்பிக்குப் பேசப்பட்ட தொகை அதில் பாதிகூட இல்லை. "நானாகவே விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பை நம் கையாலேயே விட்டுக் கொடுக்கிறோம். தரும் தொகை நியாயமாக இருந்தால் ஏற்பதில் தவறில்லை. ஆனால் கணக்குத் தெரிந்த பிறகு ஏற்க வேண்டும்.

இரண்டாவது, நமக்கு வரவேண்டியவை. ஐந்து வருடம் பூர்த்தியானால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உண்டு. இது ராஜினாமாச் செய்தாலும் கிடைக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதமும் முதலாளியிடம் 12 வீதமும் போகவேண்டும். ஈ.ரி.எப். என்னும் நிதிக்கு முதலாளி 3 வீதம் கட்டவேண்டும். கட்டுகிறார்களா என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் முழுதாக எடுக்கலாம். வேலை போன மறுநாள் அது கைக்கு வரும் என்று நம்பிக் கடன்பட வேண்டாம். ஈ.ரி.எப். பணத்தை வேலையை விட்டால் எடுக்கலாம். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் எல்லாவற்றையும் வீட்டில் ஒரு கோவையில் போட்டு வையுங்கள். அநியாயமாக நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும்.

மூன்றாவது, வீடு. சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம் என்று மனைவியோடு உட்கார்ந்து எண்ணுங்கள். நம் ஆண்களில் பலர் இதை வீட்டில் மறைக்கிறார்கள். நோன்புப் பெருநாள் உடுப்பும் தவணைக் கட்டணமும் வழக்கம்போல ஓடும். வேலை போன பிறகுதான் வீட்டுக்குச் செய்தி தெரியும். முதல் நாளே சொன்னால் செலவைப் பாதியாக்குவது அவர்களே. வேலை இருக்கும்போதே இன்னொரு கைத்தொழிலையும் தொட்டுப் பாருங்கள். வட்டிக்கு மட்டும் போகாதீர்கள்.

"இதெல்லாம் பார்த்தா தவக்குல் இல்லையென்று ஆகாதா நாநா?" என்று தம்பி கேட்டார். ஒட்டகத்தைக் கட்டாமல் விடலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ரிஸ்க் தருபவன் முதலாளியல்ல, அல்லாஹ். அதை உறுதியாக நம்பும் மனிதனின் கை, கடதாசியில் கையெழுத்துப் போடும்போது நடுங்காது.

தம்பி அன்று கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொழில் திணைக்களத்துக்குப் போய் விசாரித்தார். இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறார். நாளை எப்படியோ தெரியாது. ஆனால் போன வாரம் கடைக்கு வந்தவர், இரவில் தூக்கம் வருகிறது என்றார். வார இறுதியில் மச்சானோடு குளிரூட்டி திருத்தும் வேலைக்குப் போகிறாராம். அல்லாஹ் அவருக்கும் நமக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தில் பரக்கத் செய்வானாக.