கொழுந்து பதித்த சவர்க்காரம்

சவர்க்காரம் என்னும் சொல்லின் உள்ளேயே காரம் என்னும் சொல் அடங்கியிருக்கிறது. தோலிற் பட்டால் புண்ணாக்கும் காரமும், துணியிற் பட்டால் கறையாகும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலந்து, இரண்டின் தீங்கும் நீங்கிய மூன்றாவதொரு பொருளாக மாறுவதே சவர்க்காரம். நாள்தோறும் கையாளும் பொருளாதலின் இம்மாற்றத்தின் வியப்பை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் அதனை வீட்டிலே செய்யப் புகுவோர், அதிலும் கட்டியின் நடுவே இலையும் பூவும் பதித்து அழகுபடுத்த விரும்புவோர், இம்மாற்றத்தை நன்கு அறிந்தேயாக வேண்டும்.

ஊவா மாகாணத்துத் தோட்டப் பகுதிகளுக்கு இக்கைத்தொழில் பொருத்தமானது. பதுளைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டு செல்லப் பயன்பட்ட அப்பாதையிலேயே இன்று எல்லைக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண உலகின் பல நாட்டு மக்களும் வந்து இறங்குகின்றனர். அவ்வாறு வருவோர் வாங்கிச் செல்லத்தக்க சிறு பொருள்களைச் செய்து விற்பது, தோட்டக் கூலியை மட்டும் நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு துணை வருவாய். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் உள்ளே பதிந்த சவர்க்காரக் கட்டி அத்தகைய பொருள்களுள் ஒன்றாகலாம். ஆயினும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு விரல்களே முதலீடு. காரம் பட்டு விரல் புண்ணானால் அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே அழகைப் பற்றிப் பேசுமுன் காரத்தைப் பற்றிப் பேசுவதே முறை.

முன்னாளில் நம்மவர் உடலுக்குச் சிகைக்காய், அரப்பு, பயற்றம்மா ஆகியவற்றையும், துணிக்கு உவர்மண்ணையும் சாம்பலையும் பயன்படுத்தினர். உவர்மண்ணிலும் சாம்பலிலும் இருப்பது காரமே. பிரான்சு நாட்டு லெப்ளாங் என்பார் 1791ஆம் ஆண்டில் கறியுப்பிலிருந்து சோடாக் காரம் எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்நாட்டவராகிய செவ்ரேல் என்னும் அறிஞர் கொழுப்புகளின் அமைப்பை ஆராய்ந்து 1823இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். இவ்விருவர் முயற்சிக்குப் பின்னரே சவர்க்காரம் செய்தல் கைப்பழக்கம் என்ற நிலையினின்று கணக்கோடு கூடிய தொழிலாக உயர்ந்தது. இலங்கையில் 1938இல் லீவர் சகோதரர் நிறுவனமும், 1941இல் சுவதேசி நிறுவனமும் தோன்றி, தேங்காயெண்ணெய் விளையும் இந்நாட்டிலேயே சவர்க்காரத்தைப் பெருமளவில் உற்பத்தி செய்யலாயின.

செவ்ரேல் கண்ட உண்மை யாது? எண்ணெய் என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் பிணைந்த ஒரு கூட்டுப்பொருள். எரிசோடா என வழங்கும் சோடியம் ஐதரொட்சைட்டு அப்பிணைப்பைப் பிரிக்கிறது. பிரிந்த அமிலம் சோடியத்தோடு கூடிச் சவர்க்காரமாகிறது. கிளிசரின் தனித்து நின்று தோலுக்கு மென்மை தருகிறது. ஒவ்வோர் எண்ணெய்க்கும் வேண்டிய காரத்தின் அளவு வெவ்வேறு. ஒரு கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 0.183 கிராம் எரிசோடா வேண்டும், ஆமணக்கெண்ணெய்க்கு 0.128 கிராம் போதும். காரம் மிகுந்தால் சவர்க்காரம் தோலைச் சுடும். குறைந்தால் எண்ணெய் சிறிது எஞ்சி நிற்கும். எஞ்சும் எண்ணெயால் தீங்கில்லை. எனவே கணக்கிட்ட அளவினும் சிறிது குறைத்தே காரம் சேர்ப்பது வழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு: தேங்காயெண்ணெய் 400 கிராம், ஆமணக்கெண்ணெய் 100 கிராம் என்று கொள்வோம். முன்னதற்கு 73.2 கிராமும் பின்னதற்கு 12.8 கிராமும் ஆக 86 கிராம் எரிசோடா கணக்கில் வருகிறது. தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கை நன்கு நீக்குமாயினும் தோலை உலர்த்தும் இயல்புடையது; ஆதலால் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 77 கிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனைக் கரைக்க 170 கிராம் தண்ணீர் போதுமானது. இவ்வளவுகள் யாவும் நிறையளவுகள். தம்ளராலும் கரண்டியாலும் அளந்து செய்வது பெரும் பிழை; ஒரு கிராம் வரை காட்டும் தராசு இத்தொழிலுக்கு இன்றியமையாதது.

காரத்தைக் கரைக்கும் இடத்தைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள லயக் காம்பராவினுள், அடுப்பும் படுக்கையும் குழந்தைகளும் ஒருங்கே இருக்கும் இடத்தில், இதனைச் செய்தலாகாது. காற்றோட்டமான இஸ்தோப்பிலோ வெளி முற்றத்திலோ, பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற வேளையில் செய்வதே தகும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு இறப்பர் உறையும் அணிய வேண்டும். தண்ணீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, எரிசோடாவின்மேல் தண்ணீரை ஊற்றலாகாது. ஊற்றினால் அது கொதித்தெழுந்து முகத்தில் தெறிக்கும். கரையும்போது அடுப்பின்றியே நீர் பெரிதும் சூடேறும். அப்போது எழும் ஆவியை முகராமல் விலகி நிற்க வேண்டும்.

தோட்ட வீடுகளில் அலுமினியப் பாத்திரங்களே மிகுதி. எரிசோடா அலுமினியத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளிப்படுத்தும், பாத்திரமும் ஓட்டையாகும். எவர்சில்வர் பாத்திரமோ வெப்பம் தாங்கும் தடித்த பிளாஸ்டிக் பாத்திரமோ கொள்க. ஒரு முறை இதற்குப் பயன்படுத்திய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது. காரநீர் தோலிற் பட்டால் எலுமிச்சைச் சாறோ வினாகிரியோ தேடி ஓடாமல், பீலித் தண்ணீரில் இருபது நிமிடத்துக்குக் குறையாது கழுவ வேண்டும். கண்ணிற் பட்டால் அவ்வாறே கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எஞ்சிய காரநீரைப் பீலியடியிலோ ஓடையிலோ கொட்டுவது கீழ்ப்புறத்தில் வாழ்வோர்க்குத் தீங்காகும்.

மலைநாட்டுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. தேங்காயெண்ணெய் 24 அல்லது 25 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும். பதுளை நகரினும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் குளிர் மிகுதி. அங்கே காலையில் போத்தலில் எண்ணெய் வெண்ணெய்போல் உறைந்திருப்பதைப் பலரும் கண்டிருப்பர். எண்ணெயையும் காரநீரையும் கலந்து கிளறுங்கால் கலவை மெல்ல மெல்லத் தடித்து, தோசை மாவின் பதத்தை அடையும். கரண்டியில் அள்ளி மேலே ஒழுகவிட்டால் கோடு விழுந்து சற்று நிற்கும். அதுவே அச்சில் வார்க்கும் பதம். ஆனால் குளிர்ந்த இடத்தில், காரத்தோடு கூடாமலேயே, எண்ணெய் குளிரால் உறைந்து தடிப்பதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இப்பொய்ப்பதத்தை நம்பி வார்த்துவிட்டால், எண்ணெய் மேலே மிதக்க, காரநீர் கட்டியின் உள்ளே ஆங்காங்கே தேங்கி நிற்கும். வெளியே வழவழப்பாகத் தோன்றும் அக்கட்டி, தேய்ந்து உள்ளிடம் வெளிப்படும் நாளில் தோலைப் புண்ணாக்கும்.

இதனைத் தவிர்க்க, எண்ணெயும் காரநீரும் ஏறத்தாழ 40 பாகை வெப்பத்தில் இருக்கும்போது கலக்க வேண்டும். கலக்கும் பாத்திரத்தை முன்னரே வெந்நீரால் சூடேற்றிக்கொள்ளல் நன்று. ஐயம் தோன்றினால் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடு காட்டுக. கலவை இளகி எண்ணெய்த் துளிகள் பிரிந்து மிதந்தால் அது பொய்ப்பதம். மேலும் கிளற வேண்டும். தடிப்பு மாறாது நின்றால் மெய்ப்பதம்.

இனி, உருவம் பதித்தலைப் பார்ப்போம். பதிக்கும் உருவமும் சவர்க்காரத்தாலேயே ஆதல் வேண்டும். பறித்த பச்சைக் கொழுந்தையோ மலரையோ ஈரமான சவர்க்காரத்தினுள் வைத்தால் காரத்தாற் கருகிப் பழுப்பாகும். ஆதலால் நிறமூட்டிய சவர்க்காரத்தைத் தட்டையாக வார்த்து, இறுகியபின் கத்தியாலோ பிஸ்கட் அச்சாலோ இலை வடிவில் வெட்டிக்கொள்ள வேண்டும். மெல்லிய காம்பும் கூரிய நுனியும் உடைந்துபோகும். சற்றுத் தடித்த வடிவங்களே நிலைக்கும்.

நிறத்துக்கு அயலிடம் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. காரத்தைத் தண்ணீருக்குப் பதிலாக ஆறிய தேயிலைச் சாயத்திற் கரைத்தால் சவர்க்காரம் கரும்பழுப்பு நிறம் பெறும். மஞ்சள் தூளோ காரத்திற் பட்டவுடன் சிவக்கும். ஆரத்தி நீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே காரணத்தாலாம். கட்டி முதிர்ந்து காரம் தணிந்தபின் அச்சிவப்பு மாறிச் செம்மஞ்சளாய் நிற்கும். பீற்றூட்டின் சிவப்பும் கீரையின் பச்சையும் நிலைப்பதில்லை. நிலையான பச்சை வேண்டுவோர் அழகுப் பொருள்களுக்கென விற்கப்படும் குரோமியம் ஒட்சைட்டுத் தூளை மிகச் சிறிதளவு சேர்க்கலாம்; துணிக்கும் சுவருக்கும் உரிய சாயங்களைச் சேர்த்தலாகாது. தேயிலைச் சாயத்தின் பழுப்பு, நாளடைவில் அருகிலுள்ள வெண்மையில் சிறிது கசிவதும் உண்டு.

பதித்தலில் நேரும் பெருங்குறை, உருவத்துக்கும் அதனைச் சூழ்ந்த கட்டிக்கும் இடையே பிளவு காணுதல். புதிதாக வார்த்த சவர்க்காரத்திலுள்ள நீர் வாரக்கணக்கில் ஆவியாகிக் கட்டி சுருங்குகிறது. நன்கு உலர்ந்த பழைய துண்டைப் புதிய கலவையினுள் பதித்தால், சுற்றியுள்ளது சுருங்க, உள்ளிருப்பது சுருங்காமல் நிற்கும். முடிவில் வெடிப்பு உண்டாகும். உருவம் ஓரிரு நாள் முன்னர் வார்த்ததாக இருப்பின் இரண்டும் ஒருங்கே சுருங்கும். அச்சில் பாதியளவு வார்த்து, அது உருவத்தைத் தாங்கும் அளவு தடித்தபின் உருவத்தை அழுத்தி வைத்து, மீதியை வார்த்து, காற்றுக் குமிழ்கள் நீங்க அச்சைப் பலகையில் மெல்லத் தட்ட வேண்டும்.

எல்லாக் கட்டியிலும் ஒரே உருவம் வேண்டுமாயின், அதனை நீண்ட கோலாகச் செய்து, நீண்ட அச்சின் நடுவே கிடத்தி வார்க்கலாம். வாழைத்தண்டை எங்கு நறுக்கினும் ஒரே வட்டம் தோன்றுதல்போல, கட்டியை எங்கு வெட்டினும் அவ்வுருவமே தோன்றும். தேங்காயெண்ணெய் மிகுந்த சவர்க்காரம் விரைவில் இறுகுவதால் அன்றைக்கே, கத்தி எளிதில் இறங்கும் பருவத்திலேயே வெட்டிவிட வேண்டும். காலந்தாழ்த்தினால் ஓரங்கள் உதிரும்.

காரத்தைக் கையாள அஞ்சுவோர்க்கு வேறொரு வழியும் உண்டு. இலண்டனில் அன்றூ பியர்ஸ் என்பவர் 1807இல் ஒளி ஊடுருவும் சவர்க்காரத்தை அறிமுகப்படுத்தினார். அவ்வகையைச் சேர்ந்த கிளிசரின் கட்டிகளை இன்று கடைகளில் வாங்கி, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்கி வார்க்கலாம். முதலில் மெல்லிய படலமாக வார்த்து, மேலே ஆடை படிந்ததும் உருவத்தை வைத்து, 50 முதல் 55 பாகை வரை ஆறிய கலவையை அதன்மேல் ஊற்ற வேண்டும். அதனினும் சூடாக ஊற்றினால் உருவம் உருகும். மிக ஆறியபின் ஊற்றினால் படலங்கள் ஒட்டாமல் பிரியும். ஒட்டுவதற்காகத் தெளிக்கும் மதுசாரம் எளிதில் தீப்பற்றும். விறகடுப்பின் அருகே அதனைத் திறத்தலும் ஆகாது. கிளிசரின் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், ஒக்டோபர் முதல் சனவரி வரை பெய்யும் மழைக்காலத்தில் இக்கட்டிகள் வியர்த்து ஒட்டும். ஆறியவுடனே தாளிற் சுற்றிவிட வேண்டும்.

எண்ணெயும் காரமும் கொண்டு செய்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் வரை காற்றாட அடுக்கி முதிரவிட வேண்டும். ஊவாத் தேயிலைக்கு நறுமணம் தரும் யூலை முதல் செப்டெம்பர் வரையிலான வறண்ட காற்றே இதற்கும் ஏற்றது. முதிர்ந்த பின்னர்க் கட்டியின் நடுப்பகுதியை நனைத்துக் காரகாட்டித் தாளால் சோதிக்க வேண்டும். 9 அல்லது 10 என்பது சவர்க்காரத்துக்கு இயல்பான அளவு. 11க்கு மேற்பட்டால் அக்கட்டி விற்பனைக்கு ஆகாது. சேர்ந்த பொருள்கள், நிறை, செய்த நாள் ஆகியன உறையில் இருத்தல் வேண்டும். நோய் தீர்க்கும் என்று எழுதுதல் கூடாது. இனிப்புப் பண்டம்போல் தோன்றும் கட்டிகளைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

கட்டியின் மேலே குத்திய முத்திரை இரண்டு மூன்று குளியலில் அழிந்துவிடும். உள்ளே பதித்த இலையோ கட்டி தேயத் தேய மேலும் தெளிவாகத் தோன்றும். செய்தவருடைய கவனமும் அவ்வாறே உள்ளிருந்து வெளிப்படும். முதல் நாள் அழகுக்காக வாங்கியவர் மறுமுறை தரத்துக்காக வாங்குவாராயின், தராசையும் வெப்பமானியையும் பொறுமையையும் கைவிடாத தோட்டத்துப் பெண்ணின் உழைப்பு பயனுடையதாகும்.