கம்ப்யூட்டர் ஊளையிடுகிறதா? விசிறியைத் திட்டாதீர்கள்! உள்ளே ஒளிந்திருக்கும் ஆசாமியைப் பிடியுங்கள்!

சென்னை,

ராத்திரி 11 மணி. பையன் கம்ப்யூட்டரில் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டு இருக்கிறான். திடீரென்று மேஜைக்கு அடியில் இருந்து "ஊ...ய்ங்" என்று ஒரு சத்தம்! பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பா அலறி அடித்துக்கொண்டு எழுந்து வருகிறார். திரையில் படம் விட்டு விட்டு ஓடுகிறது. அடுத்த நிமிடம் "பட்" என்று எல்லாம் அணைந்துபோகிறது.

மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட்டம். "கார்டு போச்சு சார். புதுசு போட்டா 30 ஆயிரம் ஆகும்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள்.

கோடை வந்தால் நகரில் பல வீடுகளில் இதுதான் கதை. நகையை அடகு வைத்தும், மாதத் தவணை கட்டியும் வாங்கிய பெட்டி அது. வயிறு எரியுமா, எரியாதா?

ஆனால் பல சமயம் கார்டும் போகவில்லை, விசிறியும் போகவில்லை. உள்ளே சூடு தாங்கவில்லை. அவ்வளவுதான்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெட்டிக்குள் அடுப்பு!

விளையாட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு சூட்டுப் பேர்வழிகள் உண்டு. ஒன்று பிராசசர். இன்னொன்று கிராபிக்ஸ் கார்டு.

பலர் வீட்டில் உள்ள ஐ5-12400 பிராசசர் முழு வேகத்தில் 117 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு 170 வாட். இரண்டும் சேர்ந்தால் 287 வாட்! பழைய 75 வாட் சீலிங் ஃபேன் நாலு ஓடும் மின்சாரம் கிட்டத்தட்ட அது. 2022-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு தனியாகவே 450 வாட். 2025-ல் வந்த 5090, 575 வாட்! இஸ்திரிப் பெட்டிக்குத் தம்பி என்றே சொல்லலாம்.

இழுத்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். 300 வாட் சூட்டை வெளியேற்ற வேண்டும், உள்ளே போகும் காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு சுமார் 26 லிட்டர் காற்று பெட்டி வழியாகப் போயாக வேண்டும். அதாவது கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு பக்கெட் காற்று! அந்த வேலையைத்தான் விசிறி செய்கிறது.

வெயிலும் கூட்டாளி!

விசிறி குளிர வைக்காது. சூட்டைத் தள்ளிவிடும். அவ்வளவே. அறையில் இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்த விசிறியாலும் ஆக்க முடியாது. "தண்ணி கூலர்" என்று விலை கொடுத்து வாங்கினாலும் கதை அதேதான். தண்ணீர், சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். அங்கேயும் விசிறிதான் ஊதவேண்டும்.

25 டிகிரி குளுகுளு அறையில் பிராசசர் 70 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். அதே பெட்டி 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 83-க்குப் போய்விடும். 2003 மே மாதம் சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறோம்!

ஐ5-12400-க்கு எல்லை 100 டிகிரி. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைக்கு 95. 3060 கார்டுக்கு 93. எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். படம் விட்டு விட்டு ஓடுவது அதனால்தான். அதற்கும் மேலே போனால் தானே அணைந்துவிடும்.

சத்தத்தின் ரகசியம்!

விசிறியின் வேகம் 1,000 சுற்றில் இருந்து 2,000 சுற்றுக்கு ஏறினால் காற்று 2 மடங்குதான் கூடும். ஆனால் அது தின்னும் மின்சாரம் 8 மடங்கு! சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். காதுக்கு மூன்று மடங்கு போலக் கேட்கும்.

அதற்குப் பதிலாக 1,000 சுற்றில் இன்னொரு விசிறி மாட்டினால்? சத்தம் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே ஒன்றை அலற விடுவதைவிட இரண்டை அமைதியாக ஓட விடுவதே கெட்டிக்காரத்தனம். ரிச்சி தெருவில் 120 மில்லிமீட்டர் விசிறி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

வாங்கும்போது பின்னை எண்ணிப் பாருங்கள். 3 பின் விசிறியின் வேகத்தை வோல்ட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் மாற்ற வேண்டும். 4 பின் விசிறியில் வேகக் கட்டளைக்கு என்றே தனி ஒயர் உண்டு. அதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும்!

விசிறிக்குக் கட்டளை!

கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலிட் அல்லது எஃப்2 பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் பயாஸ் திறக்கும். அதில் "எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம்" என்று எழுதி வைக்கலாம். 40 டிகிரிக்கு 30 சதவீதம், 60-க்கு 50, 75-க்கு 75, 85-க்கு முழு வேகம். இது ஒரு நல்ல கணக்கு.

ஏதாவது ஒன்றைத் திறந்தாலே பிராசசர் சூடு நொடியில் குதித்து இறங்கும். விசிறியும் கூடவே கத்தி அடங்கும். சில நொடி பொறுத்து வேகம் மாறும்படி வைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

கார்டில் விசிறி சுற்றவே இல்லையா? பதறாதீர்கள். சுமார் 50, 60 டிகிரி வரும்வரை பல கார்டுகளில் விசிறி நின்றே இருக்கும். அது பழுது அல்ல, ஏற்பாடு!

ஆசாமி சிக்கினான்!

சரி, உண்மையான குற்றவாளி யார்? முதல் ஆள் தூசி! கூலரின் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி படிந்துவிடுகிறது. விசிறி எவ்வளவு கத்தினாலும் காற்று போக வழி இல்லை.

இரண்டாவது ஆள் நாமேதான். மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டியைத் திணித்துவிடுகிறோம். முன்பக்கம் காற்று உள்ளே வரவேண்டும். பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே போகவேண்டும். மூன்று பக்கமும் சுவரென்றால் அது மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

மூன்றாவது, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட் காய்ந்துபோவது. கூலரின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமலே மாட்டிவிடுகிற கொடுமையும் உண்டு!

கண்டுபிடிக்க ஒரு வழி. விளையாட்டு ஓடும்போது பக்கத்து மூடியைக் கழற்றி வையுங்கள். சூடு சட்டென்று 10 டிகிரி இறங்கினால் காற்றோட்டம்தான் கோளாறு. கார்டு பாவம், நிரபராதி!

உஷார்!

சுத்தம் செய்யும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஈரத்துணி ஆகாது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுற்ற விட்டால் அதன் பேரிங் கெடும்.

பவர் சப்ளை டப்பாவை மட்டும் யாரும் திறக்கவே கூடாது! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கி இருக்கலாம். உயிருக்கே உலை!

பெரிய இடத்திலும் நடந்தது!

சூடு விஷயத்தில் ஏமாந்தது நாம் மட்டும் அல்ல. 2005-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுப் பெட்டியில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து, பெட்டிகள் வரிசையாக மண்டையைப் போட்டன. சூடாகி ஆறி, சூடாகி ஆறி உள்ளே இணைப்புகளில் விரிசல் விட்டதுதான் காரணம். 2007 ஜூலையில் அந்தக் கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, 3 ஆண்டு உத்தரவாதம் கொடுக்க வேண்டி வந்தது.

அவர்களிடம் 100 கோடி டாலர் இருந்தது. நம்மிடம் தவணை அட்டைதான் இருக்கிறது!

ஆகவே "கார்டு போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே பர்சைத் திறக்காதீர்கள். "எத்தனை டிகிரி காட்டுது? எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். எச்.டபிள்யூ.இன்ஃபோ போன்ற இலவச புரோகிராம்கள் சூட்டையும் விசிறிச் சுற்றையும் திரையிலேயே காட்டும். தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, பெட்டியைக் காற்றோட்டமாக வைத்த பிறகும் கோளாறு தொடர்ந்தால் மட்டுமே புதிய கார்டைப் பற்றி யோசிக்கலாம்.