கைக்குள் ஓர் உலை

சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலேறியவர்கள் மேக்னசைட் ஜங்ஷனைத் தாண்டிப் போயிருப்பார்கள். கனிமத்தின் பெயரையே நிலையத்துக்கு வைத்துவிட்டார்கள். அங்கே வெட்டியெடுக்கும் வெள்ளைக் கல்லைச் சுண்ணாம்பு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மெக்னீசியம் கார்பனேட். அதைச் சுட்டால் கரியமில வாயு போய், ஏறக்குறைய 2,800 டிகிரி வரை உருகாத மெக்னீசியா மிஞ்சும். இரும்பு ஆலைகளின் உலைகளுக்கு உள்சுவர் கட்டும் செங்கல் அதிலிருந்துதான் வருகிறது.

புகையிலை பைப்பைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு உலையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பைப்பும் உலைதான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் டிரெஸ்ஸிங் கவுன் போட்ட பணக்கார அப்பா மாடிப்படியில் இறங்கும்போது வாயில் கவ்வியிருப்பாரே, அதேதான். கிண்ணத்துக்குள் தணல் கிடக்க வேண்டும். வெளியே விரல் சுடக்கூடாது. இலை எரியும்போது வருகிற ஈரத்தைச் சுவர் உறிஞ்ச வேண்டும். சுவரும் எரிந்துவிடக் கூடாது. இத்தனையும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். அதனால்தான் நானூறு ஆண்டுகளாக மண், கல், மரம், சுரைக்குடுக்கை, மக்காச்சோளக் கட்டை என்று மனிதர்கள் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். பைப் சேகரிப்பவர்களின் அலமாரி, என் பார்வையில், அந்தத் தேடலின் வரலாறு.

சேலத்துக்காரர்களுக்கு இதில் பாதி விஷயம் வீட்டுச் சமாச்சாரம். மாக்கல் சட்டி தெரியும்தானே? அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் வத்தக்குழம்பைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கும் அந்தக் கல் நீரேறிய மெக்னீசியம் சிலிகேட். நகத்தால் கீறலாம், அவ்வளவு மென்மை. அதன் பொடிதான் வாசலில் கோலமாவாகவும் விழுகிறது. பைப் உலகத்தில் மிக உயர்வாக மதிக்கப்படும் மீர்ஷாம் என்ற வெள்ளைக் கல்லும் நீரேறிய மெக்னீசியம் சிலிகேட்தான். அது துருக்கியின் எஸ்கிஷெஹிர் பகுதியில் நிலத்தடியிலிருந்து கட்டி கட்டியாக எடுக்கப்படுகிறது. தனிமங்கள் ஒன்றே, அடுக்கிய விதம்தான் வேறு. மாக்கல்லில் சிலிகேட் தகடுகள் இடைவெளியில்லாமல் விரிந்து கிடக்கின்றன. மீர்ஷாமில் அந்தத் தகடு கொஞ்ச தூரம் போய்த் தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. திரும்புகிற இடமெல்லாம் ஒரு நானோமீட்டர் அளவில் சுரங்கம் விழுகிறது. கல் முழுக்க நுண்துளை. காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும்!

அந்தத் துளைகள்தான் மீர்ஷாமின் மதிப்பு. அவை வெப்பத்தை வெளியே விடாமல் தடுத்து, ஈரத்தையும் தாரையும் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. கல்லை ஈரமாக வைத்துச் செதுக்கி, காயவிட்டு, சூடான தேன்மெழுகில் முக்கி எடுப்பார்கள். புகைக்கப் புகைக்க வெள்ளை மஞ்சளாகி, தேன் நிறமாகி, பல ஆண்டுகளில் பழுப்பாகும். நிறம் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக ஏறியிருந்தால் சேகரிப்பவர் கூடுதல் விலை தருவார். மாக்கல் இந்த வேலைக்குச் சரிப்படாது. சூட்டைப் பிடித்துவைக்கும் குணம் குழம்புக்கு நல்லது, விரலுக்கு ஆகாது. வட அமெரிக்கப் பழங்குடியினர் மாக்கல்லிலும் கிண்ணம் குடைந்தார்கள். ஆனால் அதில் மரக்குழாயைப் பொருத்தி, குழாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

மரத்துக்கு வருவோம். மரம் எரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். மத்தியதரைக் கடலோரப் பாறைச் சரிவுகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதர்மரம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. காட்டுத்தீயில் மேல்பாகம் கருகினாலும், வேரும் தண்டும் சேருமிடத்தில் உருண்டையாகத் திரண்டிருக்கும் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அந்த வேர்க்கட்டைதான் பிரையர். நெருக்கமான, சிலிக்கா கலந்த, தணலுக்குச் சட்டென்று பற்றாத கட்டை. அதை மணிக்கணக்காக வேகவைத்துத் துவர்ப்பை இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைசலுக்கு எடுப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சென் குளோத் ஊரில் இந்தத் தொழில் வேரூன்றியதிலிருந்து மற்ற பொருள்களெல்லாம் பின்னுக்குப் போய்விட்டன.

மக்காச்சோளக் கட்டை நாமக்கல்காரர்களுக்குச் சுவாரசியமாக இருக்கும். அங்கே கோழித் தீவனத்துக்கு வந்து குவியும் மக்காச்சோளத்தில் முத்துதான் காசு. முத்து உதிர்த்த கட்டை அடுப்புக்குப் போகும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், வாஷிங்டன் என்ற சிற்றூரில், ஹென்றி டிப்பி என்ற டச்சு மரக்கடைசல்காரர் 1869 வாக்கில் அந்தக் கட்டையைக் குடைந்து பைப்பாக்கினார். மேற்பரப்பின் பள்ளங்களில் பாரிஸ் சாந்தைப் பூசி வழவழப்பாக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமையும் வாங்கினார். மிசௌரி மீர்ஷாம் என்ற அவருடைய நிறுவனம் இன்றும் ஓடுகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் வாயில் இருந்ததும் சோளக்கட்டை பைப்தான். இதில் ஒரு வேடிக்கை. விதை ஆராய்ச்சி முத்தைப் பெருக்கி, கட்டையைச் சிறுக்க வைத்துவிட்டது. ஆகவே அந்த நிறுவனம் கட்டை தடித்த ரகத்தைத் தனக்கென்றே பயிரிடுகிறது. நாமக்கல் களத்தில் கிடக்கும் கட்டையை எடுத்துக் குடைய ஆரம்பித்தால் சுவரின் தடிமன் போதாது.

களிமண் பைப்புகள்தான் ஐரோப்பாவில் மூத்தவை. மலிவு, சட்டென்று உடையும், கைசுடும். ஆனால் உடைந்த துண்டுகளுக்கு எதிர்பாராத பயன் கிடைத்தது. காலம் செல்லச் செல்லக் காம்புகள் நீண்டன, துளைகள் சிறுத்தன. 1954-இல் ஜே. சி. ஹாரிங்டன் என்ற தொல்லியலாளர், துளையின் அளவை வைத்தே ஒரு குடியிருப்பின் காலத்தை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். இன்னொரு தடயத்தை இவை மனித உடம்பிலும் விட்டன: பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதிவைத்தார். பற்றவைக்காமல் சேகரிப்பதே எனக்கு உசிதமாகப் படுகிறது.

பராமரிப்பும் பொருளைப் பொறுத்ததே. புது மாக்கல் சட்டியை எண்ணெய் மஞ்சள் தடவி, நாள்கணக்கில் வடிகஞ்சி ஊற்றிப் பழக்குவதைப் போல பிரையரையும் பழக்க வேண்டும். அங்கே கஞ்சியின் இடத்தில் கரி. உள்சுவரில் படியும் கரி மரத்துக்குக் கவசம். அது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் சுரண்டிவிட வேண்டும். கரியும் மரமும் சூட்டில் ஒரே அளவு விரியாததால் கிண்ணம் பிளக்கும். மீர்ஷாமுக்கு இதே கரி எதிரி. துளைகளை அடைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் துடைத்தெடுக்க வேண்டும். மெழுகு இளகியிருக்கும்போது விரல் வைத்தால் ரேகை பதியும். சோளக்கட்டைக்கு ஈரம் ஆகவே ஆகாது. களிமண்ணுக்குத்தான் கவலையில்லை: தணலில் போட்டால் தார் எரிந்து மறுபடி வெளுத்துவிடும். எதுவானாலும் சூட்டோடு வாய்முனையைக் கழற்றாதீர்கள், பொருத்து விரிசல் விடும்.

பழைய பைப் வாங்கும்போது பலரும் கிண்ணத்தையே பார்க்கிறார்கள். நான் முதலில் வாய்முனையைத்தான் பார்க்கச் சொல்வேன். அது பெரும்பாலும் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். வெளிச்சமும் காற்றும் பட்டால் கந்தகம் மேலே வந்து, கறுப்பு மங்கிப் பச்சையும் பழுப்புமாகும். மெல்லிய உப்புத்தாளால் ஈரமாகத் தேய்த்து மெருகேற்றினால் நிறம் திரும்பும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் ரப்பர் போய்விடும், பல் பிடிக்கும் விளிம்பு கூர்மை இழக்கும். நம் பக்கத்து வெயிலுக்கு அலமாரியை ஜன்னலெதிரே வைக்காமல் இருப்பதே அதைவிடச் சுலபம்.