நூறு என்றால் நூறு என்ன?



'அளவீடும் அலகு மாற்றமும்' பாடம் நடக்கும்போது நம்மில் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும். எனக்கும் வந்தது. எண்ணைச் சரியாகப் போட்டுவிட்டு அலகு எழுதாததற்கு அரை மார்க் குறைத்தால், "அரை மார்க்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுவேன். அந்த அரை மார்க்கின் விலை என்ன என்று எனக்குத் தெரிந்தது வகுப்பில் இல்லை, எங்கள் தோட்டத்தில். அதைத்தான் எழுதப் போகிறேன்.

தோட்டத்தில் நடந்தது

சுருளிப்பட்டிப் பக்கம் எங்களுக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கம்பம் பன்னீர் திராட்சைதான்.) மழை விட்டு விட்டுப் பெய்தால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். புத்தகத்தில் அதற்குப் பெயர் அடிச்சாம்பல் நோய், நம்ம ஊரில் செவட்டை. அதற்குப் போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தத்தையும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பையும் தனித்தனியாகத் தண்ணீரில் கரைத்து ஒன்றாகக் கலப்பது. 1880-களில் பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில் திராட்சைக்காகவே கண்டுபிடித்த மருந்து இது.

அன்றைக்குத் தாத்தா சொன்னார்: "பத்து லிட்டருக்குத் துத்தம் நூறு, சுண்ணாம்பு நூறு. கரைச்சு வை, வந்துர்றேன்."

நூறு என்றார். நூறு என்ன என்று நான் கேட்கவில்லை. தராசு வீட்டில் இருந்தது. தோட்டத்தில் மருந்து அளக்கிற பிளாஸ்டிக் கப் கிடந்தது. அதில் 100 என்று ஒரு கோடு. அந்தக் கோடு வரைக்கும் துத்தம், அதே கோடு வரைக்கும் சுண்ணாம்பு. கலக்கினால் நல்ல நீல நிறம். தாத்தா வருவதற்குள் நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று ஆறு கொடிக்கு அடித்தும் விட்டேன்.

தாத்தா வந்ததும் முதல் வேலையாக, பளபளவென்று தீட்டிய அரிவாளின் முனையை வாளிக்குள் ஒரு நிமிஷம் விட்டு எடுத்தார். முனை செம்பு நிறமாக இருந்தது.

"எதுலடா அளந்த?"

"கப்புல தாத்தா."

"நான் சொன்னது கிராம்டா. கப்புல இருக்கிறது மில்லிடா."

மீதி இருந்த கலவையில் சுண்ணாம்புப் பாலை ஊற்றி, அரிவாளில் சிவப்பு ஒட்டாத வரைக்கும் சரி செய்தார். ஆனால் அடித்தது அடித்ததுதான். நாலைந்து நாளில் அந்த ஆறு கொடியின் இலைகளும் ஓரம் கருகிப்போயின. அந்த வரிசையைத் தாத்தா இப்போதும் "உன் வரிசை" என்றுதான் சொல்கிறார்.

ஏன் கருகியது?

இடத்தை அடைத்துக்கொள்வதும் நிறை உடையதும் பருப்பொருள். இது நாம் மனப்பாடம் செய்த வரி. அதற்குள்ளேயே இரண்டு அளவுகள் இருக்கின்றன என்பதை நான் கவனிக்கவில்லை. எவ்வளவு இடம் அடைக்கிறது என்பது கன அளவு. அதை மில்லி லிட்டரில், லிட்டரில் சொல்கிறோம். எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது நிறை. அதைக் கிராமில், கிலோகிராமில் சொல்கிறோம். இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு அடர்த்தி. நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி.

ஒரு படி அரிசியையும் ஒரு படி ஏலக்காயையும் தராசில் வைத்துப் பாருங்கள். படி ஒன்றுதான், எடை ஒன்றா? போடி வியாபாரிகள் ஏலக்காயைப் படியில் அளக்காமல் கிலோவில் நிறுத்து விற்பது சும்மா இல்லை.

தண்ணீர்தான் நம்மை ஏமாற்றுகிறது. 1 மி.லி. தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம். அதனால் எல்லாப் பொருளுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். மறுநாள் ஆசிரியர் உதவியோடு அதே கப்பில் எடுத்து ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். துத்தம் சுமார் 130 கிராம். சுண்ணாம்புத் தூள் 50 கிராம்கூட வரவில்லை! போதாக்குறைக்கு அது பழைய சுண்ணாம்பு. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியம் கார்பனேட்டாக மாறி வீரியம் குறைந்திருந்தது. ஆகத் துத்தம் கூடுதல், சுண்ணாம்பு குறைச்சல். சுண்ணாம்போடு சேராத தாமிரம் கரைசலில் தங்கி இலையைச் சுட்டுவிட்டது. அரிவாளில் படிந்ததும் அதே தாமிரம்தான். இரும்பு தாமிரத்தைவிட வினைத்திறன் மிக்கது. அதனால் இரும்பு கரைசலுக்குள் போக, தாமிரம் வெளியே வந்து ஒட்டுகிறது. துத்தத்தை இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

விமானத்துக்கும் இதே கதை

1983 ஜூலை 23. கனடாவில் ஒரு விமானத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் தேவை. லாரியில் எரிபொருளை அளப்பது லிட்டரில். லிட்டரைக் கிலோவாக மாற்ற சுமார் 0.8-ஆல் பெருக்க வேண்டும். அவர்கள் 1.77-ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது ஒரு லிட்டரின் நிறை பவுண்டில்! எண் சரி, அலகு தப்பு. தேவையானதில் பாதியளவுகூட இல்லாமல் விமானம் கிளம்பி, நடுவானில் இஞ்சின்கள் நின்றுபோயின. விமானி சறுக்கியபடியே கொண்டுபோய்க் கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறக்கினார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நான் கப்பில் செய்த தப்பும் இதுவும் ஒன்றுதான்.

மூன்று 'அடி'கள்

நம்ம ஊர் டீக்கடையில் தினமும் பேசுவது முல்லைப் பெரியாறு அணை. "142 அடி", "ஆயிரம் கன அடி", "இத்தனை டி.எம்.சி." என்று பேச்சு ஓடும். மூன்றும் மூன்று வேறு அளவுகள்.

142 அடி என்பது நீர்மட்டத்தின் உயரம். 1 அடி 0.3048 மீட்டர். 142-ஐ 0.3048-ஆல் பெருக்கினால் சுமார் 43.3 மீட்டர். 142 அடி வரை தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு வழக்கு நடந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

கன அடி என்பது கன அளவு. இங்கே ஒரு குழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள். 1 அடி 30.48 செ.மீ. என்பதால் 1 கன அடி 30.48 கன செ.மீ. ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் மாற்ற வேண்டும். 30.48 × 30.48 × 30.48 = சுமார் 28,317 கன செ.மீ., அதாவது 28.3 லிட்டர்.

"ஆயிரம் கன அடி திறப்பு" என்றால் வினாடிக்கு ஆயிரம் கன அடி. வினாடி என்பதைச் சொல்லாமல் விழுங்கிவிடுகிறோம். ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி, நம் கணக்கில் 100 கோடி கன அடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. அப்படியானால் ஆயிரம் கன அடி வீதம் நாள் முழுவதும் ஓடினால் 8.64 கோடி கன அடி. 100-ஐ 8.64-ஆல் வகுத்தால் சுமார் 11.6. ஒரு டி.எம்.சி. தண்ணீர் போக ஏறக்குறைய பதினொன்றரை நாள்! என்ன, அலகு மாற்றம் இப்போது போரடிக்கிறதா?

நான் இப்போது செய்வது

1. எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுவேன், சேர்த்தே சொல்வேன்.

2. மாற்றும்போது அலகுகளையும் எண் போலவே மேலும் கீழும் எழுதி அடிப்பேன். கடைசியில் வேண்டிய அலகு மிஞ்சினால் கணக்குச் சரி.

3. சின்ன அலகுக்குப் போனால் எண் பெரிதாக வேண்டும், பெரிய அலகுக்குப் போனால் சின்னதாக வேண்டும். விடையை ஒரு தடவை இப்படிச் சரிபார்ப்பேன்.

4. யாராவது "நூறு" என்றால், "நூறு என்ன?" என்று கேட்பேன். கேட்பதில் வெட்கமே இல்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. எத்தனை மீட்டர்? கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர். எத்தனை ஹெக்டேர்? (1 ஏக்கர் = 0.4047 ஹெக்டேர்.) விடையை அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். அலகு எழுத மறந்தால் அரை மார்க் போகும். போகத்தான் வேண்டும்!

– 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்