கூரைக்கு உரிமை உண்டு, பத்திரத்துக்கு?

தாலி கட்டாமல் ஒரே வீட்டில் வாழ்ந்த ஆணும் பெண்ணும் பிரிந்தால் வீடு யாருக்கு, நகை யாருக்கு, கட்டிய தவணை யாருக்கு? ஐ.டி. நிறுவனங்களோடு வந்த கேள்வி இது என்று நினைப்பவர்கள் பழைய மதராஸ் மாகாணத்து வழக்குத் தொகுப்புகளைப் புரட்டலாம். மிராசுதாரர்களும் வணிகர்களும் மனைவியல்லாத பெண்ணுக்கு எழுதிவைத்த நிலத்தையும் வீட்டையும் எதிர்த்து, மகன்களும் பங்காளிகளும் நீதிமன்றப் படியேறிய கதைகள் அவற்றில் நிறைய உண்டு. கேள்வி பழசு. அதற்குச் சட்டம் சொல்லும் பதில்தான் மாறியிருக்கிறது, அதுவும் பாதிதான்.

அன்று: செத்தால் சோறு, பிரிந்தால் ஒன்றுமில்லை

பழைய இந்து சட்டத்தில் 'அவருத்த ஸ்திரீ' என்று ஒரு வகை இருந்தது. ஒருவனை மட்டுமே நம்பி, அவன் பாதுகாப்பில், அவன் சாகும்வரை வாழ்ந்த பெண் அவள். அவன் இறந்தபின் அவன் விட்டுப்போன சொத்திலிருந்து அவளுக்கு ஜீவனாம்சம் உண்டு. குடும்ப வீட்டிலேயே குடியிருந்திருக்க வேண்டும் என்பதில்லை, தனி வீட்டில் வைத்திருந்தாலும் போதும் என்று 1926-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும் இந்த உரிமைக்கு இரண்டு முடிச்சுகள். உறவு அவன் மரணம்வரை நீடித்திருக்க வேண்டும். அதன் பிறகும் அவள் ஒழுக்கத்தோடு இருக்க வேண்டும். இருபது வருடம் சமைத்துப் போட்டவளை 21-ஆம் வருடம் அவன் வெளியே போகச் சொன்னால் அவன்மீது அவளுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. சாவு அவளுக்கு ஒரு பிடி சோற்றை உறுதிசெய்தது, பிரிவு அதையும் பறித்தது. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், இறந்தவரைச் சார்ந்தவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டபோது அவளுடைய பிள்ளைகளுக்கு அதில் இடம் கொடுத்தது. அவள் பெயர் விடுபட்டுப் போனது.

விவரமானவர்கள் இதனால்தான் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வாரிசுகள் சும்மா விடவில்லை. ஒழுக்கக்கேடான உறவுக்குக் கொடுத்த கூலி இது, ஆகவே பத்திரம் செல்லாது என்று வாதாடினார்கள். ஆந்திரப் பகுதியிலிருந்து போன அப்படியொரு வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம் நுட்பமான ஒரு கோடு கிழித்தது. முடிந்துபோன சேர்வாழ்க்கை தானத்துக்குத் தூண்டுகோலே தவிர விலை அல்ல, எனவே ஒழுக்கக்கேடு என்று சொல்லிப் பத்திரத்தைத் தள்ள முடியாது. ஆனால் பிரிக்கப்படாத குடும்பச் சொத்தில் தன் பங்கைத் தானம் கொடுக்க அவனுக்கு அதிகாரமில்லை. ஆக, சுயார்ஜிதமாக இருந்தால் அவளுக்கு நிற்கும், பூர்வீகமாக இருந்தால் நிற்காது. அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதைவிட அவன் சொத்து எங்கிருந்து வந்தது என்பதே தீர்மானித்தது.

இன்னொரு வழியும் இருந்தது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களைச் சட்டம் கணவன் மனைவி என்றே அனுமானிக்கும். சுமார் 50 வருடம் ஒன்றாக வாழ்ந்த தம்பதியின் திருமணத்துக்கு அவ்வளவு காலம் கழித்து ஆதாரம் கேட்பதை 1978-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஏற்க மறுத்தார். இந்த அனுமானமும் பெரும்பாலும் ஒருவர் இறந்தபின், வாரிசுச் சண்டையில்தான் கைகொடுக்கும். பிரிவு என்றால், 'கல்யாணமே நடக்கவில்லை' என்று கூண்டில் ஏறிச் சொல்ல அவனே உயிரோடு வந்து நிற்பானே!

இன்று: வெளியே தள்ள முடியாது

பிரிவைப் பற்றிச் சட்டம் முதல்முறையாக யோசித்தது 2005-ல். 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மனைவியோடு நிற்காமல் 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்' வாழ்ந்த பெண்ணையும் தன் குடைக்குள் கொண்டுவந்தது. அதன் 17-ஆம் பிரிவின்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தனக்குச் சொத்துரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவள் வசிக்கலாம். சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது. வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ வாடகை கட்டவோ மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். லாக்கரையும் கூட்டுக் கணக்கையும் அவன் காலி செய்யாமல் தடுக்கலாம். அவளுடைய நகையைத் திருப்பித் தரச் சொல்லலாம்.

அந்தக் குடைக்குள் யாரெல்லாம் வரலாம் என்பதற்கு வரையறை தந்தது கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கு. இருவரும் திருமண வயதை எட்டியிருக்க வேண்டும், திருமணம் செய்துகொள்ளத் தடையற்றவர்களாக இருக்க வேண்டும், ஊரறியக் கணவன் மனைவிபோலக் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும் என்றது 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம். அதே வருடம் ஏப்ரலில்தான், திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிய பேட்டிக்காக நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் குவிந்திருந்த வழக்குகளை அதே நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்பது தெளிவானது. ஆனால் குற்றமில்லை என்பது வேறு, உரிமை உண்டு என்பது வேறு.

இந்த வித்தியாசத்தின் வலியை 2013-ல் ஒரு பெங்களூரு வழக்கு காட்டியது. திருமணமானவர் என்று தெரிந்தே ஒருவரோடு 18 வருடம் வாழ்ந்த பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய் கொடுக்கச் சொல்லியிருந்தது கீழ்நீதிமன்றம். கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அவருக்கு ஏற்கெனவே மனைவி இருந்ததால் அந்த உறவு திருமணத்தின் தன்மைக்குள் வராது என்றது. இப்படிக் கைவிடப்படும் பெண்களுக்காக நாடாளுமன்றம் ஏதாவது செய்ய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. அப்படியொரு மத்தியச் சட்டம் இன்னும் வரவில்லை. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உத்தரகாண்ட் பொது சிவில் சட்டம் சேர்ந்து வாழ்வதைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்துகிறது, கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்க வழி தருகிறது. சேர்ந்து சேர்த்த சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதற்கு அதிலும் விடையில்லை.

பிள்ளைகள் நிலைமை தாயைவிடத் தேவலை. செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் பெற்றோர் சொத்தில் உரிமை தந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குக் கிடைத்திருக்கக்கூடிய பங்கும் அந்தப் 'பெற்றோர் சொத்தில்' அடங்கும் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

பணம் மட்டும் மாறவில்லை

குடியிருக்கும் உரிமை வேறு, சொத்தில் பங்கு வேறு. இருவர் சம்பாத்தியத்தில் வாங்கிய அடுக்குமாடி வீடு பிரிவின்போது யாருக்கு என்றால், சட்டம் இன்றும் கிரயப் பத்திரத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறது.

இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தால் பிரச்சினை குறைவு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 45-ஆம் பிரிவின்படி, போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்றால் சரிபாதி. ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. ஒருவர் பெயரில் மட்டும் பத்திரம் இருந்தால்தான் சிக்கல். கடன் விண்ணப்பத்தில் கூட்டாகக் கையெழுத்துப் போட்ட மற்றவர் வங்கிக்கு முழுக் கடனுக்கும் பொறுப்பு, வீட்டுக்கோ அந்நியர். பத்திரத்தில் பெயர் உள்ளவர் இ.எம்.ஐ. கட்ட, மளிகை, வாடகை, கரண்ட் பில் எல்லாம் மற்றவர் பார்த்துக்கொண்ட வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த மற்றவர் செலவழித்ததற்கு ரசீதும் இல்லை, பங்கும் இல்லை.

'முழுப் பணமும் என்னுடையது, பெயர் மட்டும் அவளுடையது' என்று ஒருவர் வந்தால் 1988-ஆம் ஆண்டு பினாமி சட்டம் குறுக்கே நிற்கும். கணக்கில் வந்த பணத்தில் மனைவி, கணவன், பிள்ளை பெயரில் வாங்குவதற்கு அதில் விலக்கு உண்டு. சேர்ந்து வாழ்பவருக்கு இல்லை. 'பினாமியாகத்தான் வாங்கினேன்' என்று அவர் சொத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட முடியாது. 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்து பறிமுதலாகும், 1 முதல் 7 வருடம் வரை சிறைக்கும் இடமுண்டு. 'அன்பாகக் கொடுத்தது' என்றால் பரிசைத் திரும்பக் கேட்க முடியாது. 'கடனாகக் கொடுத்தது' என்றால் காகிதம் வேண்டும், பொதுவாக 3 வருடத்துக்குள் வழக்கும் போட்டாக வேண்டும்.

ஆணுக்குக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கூரையும் கிடையாது, அது பெண்ணுக்கு மட்டுமே. 2023 அக்டோபரில் திருமண உரிமை மறுக்கப்பட்ட ஒருபால் இணைகளுக்குப் பத்திரம்தான் கதி.

பழைய மதராஸில் அந்தப் பெண்கள் உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொண்டது பேராசையால் அல்ல, சட்டத்தை அறிந்திருந்ததால். இன்று தானே சம்பாதிக்கும் பெண்ணுக்கும், அவளோடு வாழும் ஆணுக்கும் அதே புத்தி தேவைப்படுகிறது. முன்பணம் கொடுக்கும் நாளில் இருவர் பெயரையும் பத்திரத்தில் போடுங்கள், யார் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள், பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள், உயிலும் எழுதுங்கள். நாடாளுமன்றம் செய்யாததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.