பந்தயம் வைக்குமுன் ஒரு கணக்கு

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்தே கிளிநொச்சி விவசாயி சிறுபோகத்தைத் தீர்மானிக்கின்றான். நீர் குறைந்த ஆண்டில் அவன் வயல் முழுவதையும் விதைப்பதில்லை. மழை வருமென அயலவர் அடித்துச் சொன்னாலும், குளத்தின் அளவையும் கடந்த ஆண்டுகளின் அநுபவத்தையும் மனத்தில் நிறுத்துப் பார்த்த பின்னரே விதைநெல்லைக் கையில் எடுக்கின்றான். நிச்சயமில்லாத ஒன்றைக் கணக்கிட்டு அறியும் கலை வன்னி மண்ணுக்குப் புதியதன்று.

ஆயின் அதே வீட்டுப் பிள்ளை, இரவிலே கைத்தொலைபேசியில் இங்கிலாந்து உதைபந்தாட்டத்தைப் பார்த்திருக்கையில், "இந்த அணிதான் வெல்லும்" என்று நெஞ்சு சொன்னதை நம்பிப் பணத்தைப் பந்தயத்தில் வைத்துவிடுகின்றான். தந்தை குளத்தை அளந்தார். மகன் எதனை அளந்தான்?

பந்தயம் ஏற்பவர் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு விலை கூறுகின்றார். உதாரணமாக, 100 ரூபா வைத்தவருக்கு, முதலாம் அணி வென்றால் 210 ரூபாவும், ஆட்டம் சமநிலையில் முடிந்தால் 320 ரூபாவும், இரண்டாம் அணி வென்றால் 340 ரூபாவும் தருவதாகச் சொல்கின்றார் என்று கொள்வோம். 100ஐ 2.10ஆல் வகுத்தால் 47.6 வரும். அதாவது, முதலாம் அணி நூற்றுக்கு 47.6 முறை வென்றால் அந்த விலையில் நட்டமுமில்லை, இலாபமுமில்லை. அவ்வாறே சமநிலைக்கு 31.3, இரண்டாம் அணிக்கு 29.4. மூன்றையும் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 108 வருகின்றது. நூறாக இருக்கவேண்டியது நூற்றெட்டாகியது எப்படி? அந்த எட்டிலேதான் கடைக்காரரின் இலாபம் இருக்கின்றது. நிறை குறைந்த படிக்கல்லால் அரிசி நிறுப்பது போன்றதே இது.

அப்படியானால் வெல்ல வழியே இல்லையா? உண்டு, ஆனால் ஒன்றேயொன்று. அவர் கூறிய விலையைப் பாராமல், முதலில் நாமே ஒரு விலை கணிக்கவேண்டும். ஓர் அணி ஓர் ஆட்டத்திற் சராசரியாக எத்தனை கோல் போடுகின்றது, எத்தனை வாங்குகின்றது, எதிரணி எத்தகையது, மைதானம் யாருடையது என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சராசரியிலிருந்து வாய்ப்பைக் கணிக்கும் சூத்திரத்தைப் பிரான்சிய கணித அறிஞர் புவாசோன் 1837ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1982இல் மேகர் என்பார் அதனை உதைபந்தாட்டக் கோல்களுக்குப் பொருத்திக் காட்டினார். 1997இல் டிக்சன், கோல்ஸ் என்னும் இருவர் அதனைத் திருத்தி, பந்தய விலைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

நமது உதாரணத்தில் முதலாம் அணிக்குச் சராசரி 1.5 கோல், இரண்டாம் அணிக்கு 1 கோல் என்று கொண்டாற் சூத்திரம் தரும் விடை இது: முதலாம் அணி வெல்ல நூற்றுக்கு 49, சமநிலைக்கு 26, இரண்டாம் அணி வெல்ல 25. ஆகவே முதலாம் அணிக்கு நியாயமான விலை 205 ரூபா. அவர் தருவதோ 210 ரூபா. இந்த ஐந்து ரூபா வித்தியாசமே பந்தயத்தின் பெறுமதி. நீண்ட காலத்தில் 100 ரூபாவுக்கு இரண்டு ரூபாவுக்குச் சற்று அதிகமாகவே மிஞ்சும். ஏனைய இரண்டு முடிவுகளிலும் பணம் வைப்பது வீண்.

தம்பிமார் இவ்விடத்தில் மகிழ்ந்துவிடக் கூடாது. 1.5 என்ற சராசரியை எங்கிருந்து பெற்றோம்? இருபது ஆட்டங்களைப் பார்த்துப் பெற்றிருந்தால், உண்மையான அளவு 1.3ஆகவும் இருக்கக்கூடும். அவ்வாறாயின் வெற்றி வாய்ப்பு 43ஆக இறங்கிவிடும். 100 ரூபாவுக்கு 91 ரூபாவே திரும்பும். நாம் கண்ட இலாபம் இரண்டு ரூபா. நமது கணக்கிற் புகுந்த பிழையோ பதினொரு ரூபா!

"2016இல் லெஸ்டர் அணி வெல்லவில்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். ஒன்றுக்கு ஐயாயிரம் என விலை கூறப்பட்ட அந்த அணி இங்கிலாந்தின் முதன்மைக் கிண்ணத்தை வென்றது உண்மையே. ஆயினும் ஒருமுறை மழை பெய்ததால், வறண்ட குளத்தை நம்பி விதைத்தது அறிவாகிவிடாது.

கணக்கினால் வென்றவர்களும் இருக்கின்றார்கள். பிரைட்டன், பிரென்ட்போர்ட் கழகங்களின் உரிமையாளர்கள் இவ்வழியிலேயே செல்வம் ஈட்டினர். ஆனால் அவர்களுக்குப் புள்ளிவிபர நிபுணர் பலர் துணை நின்றனர். வேறொரு செய்தியும் உண்டு. டோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கவுனிட்ஸ் என்பவரும் அவருடைய தோழரும், பல நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டு, தவறான விலைகளில் மட்டும் பணம் வைத்தனர். சில மாதங்கள் வென்றனர். உடனே நிறுவனங்கள் அவர்கள் வைக்கக்கூடிய தொகையைக் குறைத்துவிட்டன. இதனை அவர்கள் 2017இல் எழுதி வெளியிட்டார்கள். தோற்பவனை வரவேற்கும் கதவு, வெல்பவனுக்கு மூடப்படுகின்றது.

நளன் கதையை நாம் அறிவோம். தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் இருதுபன்னன் ஒரு பார்வையிலே கணித்துச் சொன்னபோது, நளன் அதனை அப்படியே நம்பிவிடவில்லை. மரத்தைச் சாய்த்து எண்ணிப் பார்த்த பின்னரே நம்பினான். நாடிழந்து பெற்ற புத்தி அது.

நாமும் எண்ணிப் பார்ப்போம். ஒரு கொப்பியை எடுத்து, நூறு ஆட்டங்களுக்கு நமது விலையையும் அவர்களுடைய விலையையும் ஆட்டம் தொடங்குமுன் எழுதுவோம். ஒரு சதமும் வைக்கவேண்டாம். நூறு ஆட்டங்கள் முடிந்ததும் கூட்டிப் பார்த்தால், அந்தக் கொப்பி பெரும்பாலானோருக்கு ஓர் உண்மையைச் சொல்லும்: நமது கணிப்பு நாம் எண்ணிய அளவுக்குக் கூர்மையானதன்று.

2009ஆம் ஆண்டின் பின் வெறுங்கையோடு திரும்பிவந்து, கூரையையும் வரம்பையும் மீண்டும் எழுப்பிய குடும்பங்கள் நம்முடையவை. அந்த வீட்டு அறுவடைப் பணம் எவருடைய நெஞ்சின் சொல்லையும் நம்பி வெளியே போகலாகாது. கொப்பிக்கு விலை சில ரூபாவே. அது காப்பாற்றுவதோ அடுத்த போகத்துக்கான விதைநெல்லை.